கவுண்டருக்குக் கீழே

மார்த்தாண்டம் மேம்பாலத்தின் அடியில்
பகலிலும் டியூப்லைட் எரியும் மருந்துக்கடை என்னுடையது.
என்னுடையது என்றால்
லைசென்சில் இருக்கும் பெயர் என்னுடையது.
கல்லா வில்பிரட் முதலாளியுடையது.

பதினோரு வருஷம்.
இடுப்புயரக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம்
முகங்கள் வரும், கசங்கிய சீட்டுகள் வரும்.
பாதங்கள் மட்டும் மேலே வந்ததில்லை.
ஆனாலும் தெரியும்.

குலசேகரத்து டென்னிசன் அண்ணன்
இரவு இரண்டரைக்கு நெற்றியில் விளக்கைக் கட்டி
முந்நூறு ரப்பர் சுற்றுகிறவர்.
"மொத மரம் வரைக்கும்தான் பிள்ளே உயிரு போவும்.
பத்தாவது மரத்துல காலும் மரத்துப் போவும்."
வலிக்குப் பத்து மாத்திரை,
அது வயிற்றைப் புண்ணாக்காமலிருக்க இன்னொரு பத்து.
இரண்டாவதை வேண்டாமென்று தள்ளிவிட்டு
அந்தக் காசுக்கு எதிர்க்கடையில் பழம்பொரி வாங்குவார்.

குளச்சல் ஸ்தனிஸ்லாசுக்கு
போர்வை உரசினாலே அலறுகிற பெருவிரல்.
சாளையைக் குறைக்கச் சொன்னாராம் டாக்டர்.
கடலைக் குறைக்கச் சொன்னதுபோலச் சிரித்துவிட்டு
யூரிக் ஆசிட் மாத்திரையை
சட்டைப்பைக்குள் சில்லறையாய்ப் போட்டுப் போவார்.

ரெத்தினபாய் டீச்சருக்கு எரிச்சல்.
ராத்திரி முழுக்க உள்ளங்காலைச் சிமெண்டுச் சுவரில்
ஒட்டிவைத்துக் கிடப்பாராம்.
தீயாய் எரியும் அதே இடத்தில்
ஆணி குத்தினால் தெரியாது.
இது எப்படி என்று என்னைக் கேட்டார்.
சுகர் என்றேன்.
அது பதிலில்லை என்பது இருவருக்கும் தெரியும்.

ஒன்பது மணிக்கு ஷட்டர் பாதி இறங்கும் நேரம்
ஜவுளிக்கடைப் பிள்ளைகள் நாலு பேர் ஓடி வருவார்கள்,
ஒரே ஒரு ஜெல் டியூபுக்கு.

என் வலியைப் புத்தகம் குதிகால் வலி என்கிறது.
எங்கள் வீட்டில் உப்புக்குத்தி.
காலையில் கட்டிலிலிருந்து சுவிட்ச் வரை நாலு எட்டு.
நாலும் கண்ணாடிச் சில்லு.
நானே வாங்கி, நானே விற்று,
எனக்கு நானே மீதி கொடுத்த நாட்கள் உண்டு.
கவுண்டருக்குக் கீழே
ஐஸாய் உறைந்த தண்ணீர்க் குப்பி
என் பாதத்துக்கடியில் உருண்டுகொண்டிருக்கும்.
மேலே நான் சிரித்தபடி பில் போடுவேன்.
ஸ்டூல் கேட்டதற்கு முதலாளி சொன்னார்:
"இருந்தா உறக்கம் வரும்."

கடைசியில் ஊசி.
என் அலமாரியிலிருந்து நானே எடுத்தேன்:
நாற்பது மில்லிகிராம், அடியில் வெள்ளைப் படிவு,
குலுக்கிப் பயன்படுத்தவும்.
சோற்றுப் பாத்திரத்தோடு அது
குழித்துறை பஸ்சில் தானே குலுங்கி வந்தது.

டாக்டர் பெனிட்டா என்னைக் குப்புறக் கிடத்தி
பாதத்தைக் கையில் எடுத்துக்கொண்டார்.
பெரிய வியாழனுக்குப் பாதம் கழுவ
கோயிலில் பன்னிரண்டு பேரை அழைப்பார்கள்.
வில்பிரட் முதலாளி இரண்டு தடவை உட்கார்ந்திருக்கிறார்.
பெருவிரலால் அழுத்தி, "இதுவா?" என்றார் டாக்டர்.
அழுகை வந்தது ஊசிக்கு முன்பு.
ஊசிக்கு வந்தது வேறு,
அது ஆற்றுப்பாலம் வரை கேட்டிருக்கும்.

"மூணு மாசம் தாங்கலாம், தாங்காமலும் போகலாம்.
அடிக்கடி போட முடியாது. ரொம்ப நேரம் நிக்காதீங்க."
தலையாட்டினேன்.
மாத்திரை விற்கிறேன் என்று பெயர்,
நான் விற்பது நிற்பதைத்தான்.

அஞ்சாம் நாள் விடியலில்
சுவிட்சைப் போட்டபிறகுதான் கவனித்தேன்,
நடந்து வந்திருக்கிறேன்.
கை மட்டும் பழக்கத்தில் சுவரைப் பிடித்திருந்தது.

அன்றைக்கு டென்னிசன் அண்ணன் வந்தபோது
கண்ணாடிமேல் கவிழ்ந்து எட்டிப் பார்த்தேன்.
நீலவார்ச் செருப்பு.
வலதில் குதிகால் பக்கம் தேய்ந்து தகடு,
இடது இன்னும் புதுசு.
விரலிடுக்கில் காய்ந்த ரப்பர்ப் பால்.
"என்ன பிள்ளே பாக்குத?"
"ஒண்ணுமில்ல. வயித்து மாத்திரையும் எடுத்துட்டுப் போங்க."
"காசு?"

பழம்பொரி வாசம் ரோட்டைத் தாண்டி வந்தது.
கணக்கு டாலி ஆகாத அந்த இரவில்
கல்லாவை இரண்டாம் தடவை எண்ணினார் முதலாளி.
நான் நின்றுகொண்டிருந்தேன்.